லீட்டருக்கு எத்தனை?

அத்தியாயம் 11

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கே புஷ்பம் உத்தரவு போட்டுவிட்டாள்.

"எந்தக் காரு வேணும்னாலும் எடுங்க. கறுப்பு மட்டும் வேணாம். தூசி அப்படியே தெரியும். கோயில் வாசல்ல ஒரு மணிநேரம் நிப்பாட்டினா உள்ள அடுப்பு மாதிரி கொதிக்கும்."

"அம்மா, நாங்க சேலை எடுக்கப் போகல," என்றான் கிருஷ்ணகுமார்.

"சேலைன்னா நானே போயிருப்பேனே. ஒங்கள எதுக்கு அனுப்புறேன்?"

சுதர்ஷினி சிரித்தாள். சிரிப்பு பாதி வழியில் நின்றுவிட்டது. கை தானாகவே கைப்பையைத் தொட்டுப் பார்த்தது. உள்சிப்புக்குள் கடிதம் பத்திரமாக இருந்தது. பதினொரு நாளாக அங்கேதான் இருக்கிறது.

பாடசாலை அதிபர் சேவைப் பரீட்சையில் அவள் சித்தியடைந்திருந்தாள். அரநாயக்க மலைப்பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலை. நூற்றுத் தொண்ணூறு பிள்ளைகள், இரண்டு வருடமாக அதிபர் இல்லை. சம்மதத்தைப் புதன்கிழமைக்குள் எழுத்தில் தர வேண்டும் என்று கடிதம் சொன்னது. இன்னும் மூன்று நாள்.

நல்லவேளை, அது அவள் இப்போது படிப்பிக்கும் பாடசாலை விலாசத்துக்கு வந்தது. தோட்டத்து விலாசத்துக்கு வந்திருந்தால் கதையே வேறு. லயத்து வீடுகளுக்கு வரும் எல்லாக் கடிதங்களும் முதலில் தோட்ட ஆபீசுக்குத்தான் போகும். அங்கே ஒருவர் உறையைத் திருப்பிப் பார்ப்பார். இன்னொருவர் முத்திரையைப் பார்ப்பார். வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டுக்கு முன்பே அது பாதி டிவிஷனுக்குத் தெரிந்த சங்கதியாகிவிடும். உரியவர் கைக்கு வரும்போது வாழ்த்துச் சொல்லவும் ஆள் இருக்கும், துக்கம் கேட்கவும் ஆள் இருக்கும்.

கிருஷ்ணகுமாருக்குச் சொல்லத்தான் முடியவில்லை. தேயிலை அரைக்கும் ஸ்டோரில் அவன் டீமேக்கருக்கு அடுத்த ஆள். கொழுந்து வந்துகொண்டே இருக்கும்வரை அவனால் கஹவத்தையை விட்டு நகர முடியாது. ஏழு வயது மகள் ஷாமிளாவுக்கு இங்கேதான் பள்ளிக்கூடம். போக வேண்டியது சுதர்ஷினி மட்டும்.

போன மாதம் ஸ்டோரில் கூட வேலை செய்கிற ஒருவரின் மனைவி கொழும்பில் வேலை எடுத்துப் போனபோது அவன் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்:

"வாரத்துக்கு ஒருதரம் வந்து போறவங்க வீட்டு ஆளு இல்ல சுதா, விருந்தாளி. எங்கப்பாவ வச்சு எனக்குத் தெரியும்."

அவனுடைய அப்பா கன்னையா முப்பத்திரண்டு வருடம் கம்பெனி லொறி ஓட்டியவர். தோட்டம் தோட்டமாக உரம் இறக்கி, தேயிலை ஏற்றி, சனிக்கிழமை மாலை வீட்டுக்கு வருவார். திங்கள் விடியும் முன் போய்விடுவார்.

அதனால் சுதர்ஷினி ஒரு வழி கண்டுபிடித்தாள். முதலில் கார் வரட்டும். பஸ்ஸில் போனால் நான்கு பஸ் மாற வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை வருவதே பெரிய பாடு. கார் இருந்தால் வெள்ளிக்கிழமை பள்ளிவிட்டுப் புறப்பட்டு இராச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம். சொல்லும்போது அந்த வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டைச் சேர்த்துச் சொல்லலாம். வாசலில் கார் நிற்கும்போது அதைச் சொல்வது சுலபமாக இருக்கும் என்று நினைத்தாள்.

அது நேர்மையான யோசனை இல்லை என்று அவளுக்கே தெரியும். காரின் பாதிப் பணம் அவள் எடுத்த ஆசிரியர் கடன். மறுபாதி மாமனாரின் சேவைக்காலப் பணம்.

"வாம்மா டீச்சர். நல்ல வண்டியெல்லாம் வெயில் ஏறுறதுக்குள்ள வித்துப் போயிரும்," என்று வாசலில் இருந்து கன்னையா குரல் கொடுத்தார். அறுபத்தாறு வயது. காக்கிச் சட்டையை நேற்றே தோய்த்து இஸ்திரி போட்டு வைத்திருந்தார்.

●

ஸப்ரியின் கார் சேல், டவுனைத் தாண்டி பெல்மதுளை வீதியில் இருந்தது. முன்பு அதே இடத்தில் அவனுடைய வாப்பா மீராசாஹிப் டயர்க் கடை வைத்திருந்தார். கன்னையாவின் லொறிக்கு முப்பது வருடம் டயர் மாற்றிய கடை.

"வாங்கண்ணே, வாங்க. வாப்பா இருந்திருந்தா இப்ப ஒங்களுக்குப் பிளேன்டீ ஊத்தச் செல்லியிருப்பார். நானே செல்றேன்." ஸப்ரி உள்ளே பார்த்துக் கை காட்டினான். "டீச்சர், ஒங்கட பொண்ணும் எங்கட இஸ்ராவும் ஒரே வயசுதான். என்ன பட்ஜட்டுன்னு மாத்திரம் செல்லுங்க, மிச்சத்த என்ட கையில விடுங்க."

"கையிலதானே விடக் கூடாது," என்றார் கன்னையா.

ஸப்ரி வாய்விட்டுச் சிரித்தான்.

இரண்டு கார்கள் தேறின. ஒன்று, ஆயிரம் சிசி சின்னக் கார், வெள்ளி நிறம். லீட்டருக்கு இருபத்தொன்று ஓடும் என்றான் ஸப்ரி. மற்றது, பதினெட்டு வருடப் பழைய ஜப்பான் கார், வெள்ளை நிறம். அகலமான சீட்டு, டிக்கியில் இரண்டு மூட்டை அரிசி படுக்கும். லீட்டருக்குப் பன்னிரண்டுதான். ஆனால் விலையில் ஆறு இலட்சம் குறைவு.

கன்னையா எந்தக் காரின் பொனட்டையும் திறக்கவில்லை. கதவைத் திறந்து குனிந்து மிதிகட்டைகளைப் பார்த்தார். சின்னக் காரின் கிளச் மிதியைப் பெருவிரலால் தடவினார்.

"மலைநாட்டு வண்டி. கிளச் ரப்பர் தேஞ்சிருக்கு, எக்ஸலேட்டர் தேயல. ஓட்டினது நிதானமான ஆளு."

"ஹப்புத்தளை டொக்டர் ஒருத்தர்ட வண்டி அண்ணே!" ஸப்ரிக்கு உண்மையாகவே ஆச்சரியம்.

கிருஷ்ணகுமார் வெள்ளைக் காரின் பின்சீட்டில் உட்கார்ந்து காலை நீட்டிப் பார்த்தான். அவனுக்கு மோட்டார் சைக்கிள் லைசன்ஸ் மட்டும்தான். இனித்தான் கார் பழக வேண்டும். வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தது, அதுவரை கன்னையாதான் மருமகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டு அழைத்து வருவார் என்று.

"சுதா, இதப் பாரு. அம்மா கால நீட்டி உக்காரலாம். கறுப்பும் இல்ல."

"பன்னிரண்டுதானே ஓடுதுங்க."

"ஓடட்டுமே. ஸ்கூல் அஞ்சு கிலோமீட்டர். போக வர பத்து. வாரத்துக்கு அம்பது. மாசக் கணக்குப் பாத்தாலும் ரெண்டு காருக்கும் எட்டு லீட்டர் வித்தியாசம் வராது. அந்த எட்டு லீட்டர மிச்சம் பிடிக்க ஆறு லட்சம் கூடக் குடுக்கணுமா? பத்து வருஷம் ஓட்டினாலும் அந்தக் காசு திரும்பாது."

கணக்குச் சரி. சுதர்ஷினிக்கு அதுதான் சங்கடமாக இருந்தது. அவன் சொன்ன தூரத்துக்கு அவன் சொன்ன கார்தான் சரி. அவளுடைய தூரம் வேறு.

உள்ளங்கை அளவில் ஒரு சின்னக் கொப்பியை அவள் கையில் வைத்திருந்தாள். அதில் முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தாள்: கஹவத்தை – அரநா. 134 × 2 = 268. பழைய கார் என்றால் வாரத்துக்கு இருபத்திரண்டு லீட்டர். சின்னது என்றால் பதின்மூன்று. மாதத்துக்கு முப்பத்தாறு லீட்டர் வித்தியாசம். முப்பத்தாறு லீட்டர் என்பது, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வீட்டுக்கு வருவதற்கும் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வருவதற்கும் உள்ள வித்தியாசம்.

"ஸப்ரி, இந்தச் சின்னது மலை ஏறினா எவ்வளவு குறையும்?"

"ரெண்டு மூண்டு குறையும் டீச்சர்."

"ரெண்டு மணித்தியாலத்துக்கு மேல நிப்பாட்டாம ஓட்டினா சூடேறுமா?"

"ஏறாது. கொழும்பு காலி முகத்திடல் வரைக்கும் போய் வாங்களே."

"வளைவுப் பாதையில மழை நேரம் டயரு…"

ஸப்ரி தலையைச் சாய்த்துப் பார்த்தான். "டீச்சர், ஸ்கூல் அஞ்சு கிலோமீட்டர்ண்டு இவரு சென்னாரு. நீங்க இலங்கையச் சுத்தி வாறதுக்குக் கேக்குறீங்க?"

கிருஷ்ணகுமாரும் திரும்பிப் பார்த்தான். சுதர்ஷினி கொப்பியை மூடினாள்.

"பிள்ளைகள ட்ரிப் கூட்டிட்டுப் போவோம்தானே," என்றாள்.

கன்னையாவுக்கு இந்தப் பேச்செல்லாம் பிடிக்கவில்லை.

"நீங்க ரெண்டு பேரும் வண்டியில தேடுறீங்க. லீட்டர் வண்டியில இல்லடா, ஓட்டுறவன் காலுல இருக்கு. எங்க லொறிக்கு மத்த டிரைவர்மாரு மூணு எடுத்தானுங்க. நான் நாலே கால் எடுத்தேன். தொரையே கூப்பிட்டுக் கேட்டாரு, எப்படிக் கன்னையான்னு."

"எப்படியாம்?" என்றான் மகன்.

"சாவியக் குடுக்கச் சொல்லு. காட்டுறேன்."

ஸப்ரி சாவியை எடுத்து நீட்டினான். "சரி, ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க. அண்ணன்ட கையில குடுக்க எனக்கென்ன பயம்?"

●

சின்னக் காரில் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு சிறிய திரை. அந்த நிமிடத்தில் லீட்டருக்கு எவ்வளவு ஓடுகிறது என்று அதில் எண் மாறிக்கொண்டே இருக்கும்.

"டீச்சர் முன்னால ஏறு. நம்பரைப் பாத்துச் சத்தமா சொல்லு. டேய், நீ பின்னால இரு."

கார் தோட்டத்துப் பாதையில் திரும்பி மேல் டிவிஷனுக்கு ஏறியது. இருபுறமும் தேயிலை. மேலே இறப்பர் மரங்கள்.

"பதினொண்ணு," என்று வாசித்தாள் சுதர்ஷினி. "ஒன்பது. எட்டு. எட்டரை."

"இருபத்தொண்ணு எங்க?" பின்சீட்டில் இருந்து குரல் வந்தது. "பாத்தியா சுதா? நம்ம ரோட்டுக்கு எல்லாக் காரும் ஒண்ணுதான்."

அரநாயக்கவுக்கும் கடைசி இருபது கிலோமீட்டர் மலைதான். மனத்துக்குள் கணக்கைத் திரும்பப் போட்டாள். பதின்மூன்று லீட்டர் பதினைந்தாகியது. பதினாறாகியது.

அப்போது கிருஷ்ணகுமாரின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டான்.

"என்ன கலரு?" என்றாள் புஷ்பம்.

"வெள்ளி நிறத்துல போறோம், வெள்ளையில வருவோம் போல இருக்கு."

"புரியற மாதிரி சொல்லு."

"வந்து சொல்றேன்மா."

மேட்டு முகட்டில் கொழுந்து நிறுக்கும் பழைய மடுவத்தைத் தாண்டியதும் இறக்கம் தொடங்கியது. ஐந்து வளைவு. கன்னையா நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்த இறக்கம் அவருக்கு மனப்பாடம்.

"இப்பப் பாரு." கியரை நியூட்ரலுக்குத் தள்ளினார்.

"இருபத்தாறு," என்றாள் சுதர்ஷினி. "முப்பத்தெட்டு. அறுபது! மாமா, அறுபது!"

"தொண்ணூறு காட்டவா?"

"காட்டுங்க!"

கிருஷ்ணகுமாரும் சீட்டுகளுக்கு நடுவில் தலையை நீட்டினான். மூவரும் சிறுபிள்ளைகள் போல் அந்தத் திரையைப் பார்த்தார்கள்.

"தொண்ணூறென்ன, இதுக்குக் கணக்கே இல்லாமப் பண்றேன் பாரு," என்று சொல்லிக் கன்னையா சாவியைத் திருகி இன்ஜினை அணைத்தார்.

முப்பத்திரண்டு வருடமும் அவர் அப்படித்தான் டீசல் மிச்சம் பிடித்தார். இறக்கம் வந்தால் இன்ஜினுக்கு ஓய்வு. அந்த லொறியின் ஸ்டியரிங் இன்ஜின் ஓடினாலும் பாரம்தான், ஓடாவிட்டாலும் பாரம்தான். கை அந்தப் பாரத்துக்கே பழகிப்போயிருந்தது.

திரை அணைந்தது. சத்தமும் அடங்கியது. சக்கரம் உருளும் ஓசை மட்டும்.

முதல் வளைவில் ஸ்டியரிங் சட்டென்று இறுகியது. கன்னையா தோளைக் கொடுத்துத் திருப்பினார். வளைவு கடந்தது. பிரேக்கை லொறியில் மிதிப்பதுபோல் விட்டு விட்டு மிதித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவது மிதிக்கு மிதிகட்டை இறங்கவில்லை. கருங்கல்லை மிதித்த மாதிரி நின்றது. இந்தக் காரில் இன்ஜின் ஓடினால்தான் பிரேக்கும் ஸ்டியரிங்கும் இலகு.

"அப்பா…"

"இருடா."

இரண்டாவது வளைவைக் கார் பாதிப் பாதையைத் தாண்டி வெட்டிக்கொண்டு போனது. கன்னையாவின் இடது கை கியரைத் தேடியது. லொறியில் கியர்க் கம்பு இருந்த உயரத்தில், வெறும் காற்றில் தேடியது.

கீழே மூன்றாவது வளைவில் ஒரு சிவப்பு ஓட்டோ திரும்பி ஏறிவந்தது. உள்ளே ஆட்கள். ஒரு பெண்ணின் மடியில் பூத்தட்டு.

சுதர்ஷினி ஹேண்ட் பிரேக்கைப் பிடித்தாள். நுனியிலுள்ள பொத்தானைப் பெருவிரலால் அழுத்திக்கொண்டே கொஞ்சம் இழுத்தாள், தளர்த்தினாள், மறுபடி கொஞ்சம் கூடுதலாக இழுத்தாள். ஒரேயடியாக இழுத்தால் பின்சக்கரம் சறுக்கிவிடும். கார் முனகியது. பின்பக்கம் அமிழ்ந்தது.

"உள்பக்கம் மாமா! மலைப்பக்கம்!"

கன்னையா முழு உடம்பையும் போட்டுத் திருப்பினார். கார் வடிகாண் ஓரத்துப் புல்லில் ஏறி, ஒரு தேயிலைச் செடிக்குள் மூக்கை நுழைத்து நின்றது.

ஓட்டோக்காரன் ஒதுங்கி ஏறிக் கடக்கும்போது தலையை நீட்டி, "பிஸ்ஸுத மாமே!" என்று கத்திவிட்டுப் போனான். பைத்தியமா என்று அவன் சிங்களத்தில் கேட்டதிலும் தப்பில்லை. பைத்தியக்காரத்தனம்தான்.

"எவ்வளவு காட்டுச்சு?" என்றார் கன்னையா. குரல் அவருடையதாகவே இல்லை.

"ஒண்ணும் காட்டல மாமா. அணைஞ்சிருச்சு."

கிருஷ்ணகுமார் கதவைத் திறந்து வெளியே இறங்கினான். காருக்கு முன்னால் போய்ப் பார்த்தான். கீறல்கூட இல்லை. முன்வலையில் கொழுந்து செருகியிருந்தது. திரும்பி வந்து அப்பாவைப் பார்த்தான், திட்ட வாயெடுத்தான், அவருடைய கைகளைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டான். கார் நின்ற பிறகும் இரண்டு கைகளும் ஸ்டியரிங்கை மலைப்பக்கமே திருப்பிப் பிடித்திருந்தன.

சுதர்ஷினியின் கொப்பி கார் நின்ற வேகத்தில் மடியில் இருந்து பறந்து கன்னையாவின் காலடியில் விரிந்து கிடந்தது. அவர் குனிந்து எடுத்தார். திறந்திருந்த பக்கத்தைப் பார்த்தார். உடனே மூடவில்லை.

கஹவத்தை – அரநா. 134 × 2 = 268.

சபரகமுவையில் அவர் உரம் இறக்காத தோட்டம் இல்லை. தூரத்தைக் கிலோமீட்டர் கல்லில் படித்தவர். கீழே 'வெள்ளி' என்றும் 'ஞாயிறு' என்றும் எழுதியிருந்ததையும் அவர் பார்த்திருக்க வேண்டும்.

கொப்பியை மூடி மருமகளிடம் கொடுத்தார். முகத்தைப் பார்க்கவில்லை.

"நான் ஓட்டல," என்று சொல்லி இறங்கிப் பின்சீட்டுக்குப் போனார்.

"ஸப்ரிக்குப் போன் போடுறேன். அவன் வந்து எடுக்கட்டும்," என்றான் கிருஷ்ணகுமார்.

"வேணாம்." சுதர்ஷினி காரைச் சுற்றிவந்து ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தாள். சீட்டை முன்னால் இழுத்தாள். கண்ணாடியைச் சரிசெய்தாள்.

"என்ன செய்ற?"

"ஏறுங்க."

"வெளையாடாத சுதா. லைசன்ஸ் இல்லாம…"

அவள் கைப்பையின் உள்சிப்பைத் திறந்து லைசன்ஸை எடுத்தாள். கடிதத்தின் ஓரமும் கூடவே எழும்பி வந்தது. அதைப் பெருவிரலால் உள்ளே அழுத்திவிட்டு, அட்டையை மட்டும் அவனிடம் நீட்டினாள்.

அவன் அட்டையைப் பார்த்தான், போட்டோவைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"ஏறுடா," என்றார் பின்சீட்டில் இருந்து கன்னையா.

●

மிச்ச மூன்று வளைவையும் அவள் இரண்டாம் கியரில் இறக்கினாள். இன்ஜின் முனகி முனகிக் காரைப் பிடித்துக்கொண்டது. யாரும் திரையைப் பார்க்கவில்லை. அவள் மட்டும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"எப்ப எடுத்த?" என்றான் கிருஷ்ணகுமார்.

"ஆகஸ்ட்ல."

"சனிக்கிழமை சனிக்கிழமை செமினார்னு போனியே…"

"அதுதான்."

"ஏன் சொல்லல?"

"பெயில் விட்டா சிரிப்பீங்கன்னு."

அது பாதி உண்மை. மீதிப் பாதி கைப்பைக்குள் இருந்தது.

கிருஷ்ணகுமார் அட்டையை விரல்களுக்கிடையில் திருப்பிக்கொண்டே இருந்தான். கோபமா, பெருமையா என்று அவனுக்கே பிடிபடவில்லை.

"நல்லாத்தான் ஓட்டுற," என்றான். கொஞ்சம் கழித்து, "ஆனா எனக்குத் தெரியாம எங்கயோ போய் வந்திருக்க. மூணு மாசமா. சின்ன வயசுல அப்பா இப்படித்தான். இந்த வாரம் எங்க ட்ரிப்புன்னு அம்மாவுக்குக்கூடத் தெரியாது. சனிக்கிழமை வந்து நின்னாத்தான் ஆளு உசிரோட இருக்குன்னு தெரியும்."

கண்ணாடியில் சுதர்ஷினி பார்த்தாள். மாமனார் சன்னல் வழியே தேயிலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கமாக இந்தக் குற்றச்சாட்டுக்கு அவரிடம் நாலு பதில் தயாராக இருக்கும்.

இப்போதே சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். முன்னால் ஒரு பஸ் நின்றது. பிரேக் போட்டாள், கியர் மாற்றினாள், முந்தினாள். முந்தி முடித்தபோது ஸப்ரியின் பெயர்ப்பலகை தெரிந்தது.

●

ஸப்ரி முன்வலையில் இருந்த கொழுந்தைப் பார்த்தான். டீச்சர் ஓட்டுநர் சீட்டில் இருந்து இறங்குவதைப் பார்த்தான். வியாபாரி. அதைப் பற்றிக் கேட்கவில்லை.

"எப்படி வண்டி?"

"வெள்ளைய எடுக்கிறோம்," என்றான் கிருஷ்ணகுமார். வரும் வழியிலேயே அவன் முடிவெடுத்துவிட்டான் என்று குரலில் தெரிந்தது. "பாரமான வண்டி, ரோட்டப் பிடிச்சு நிக்கும். இன்னைக்குப் பட்டது போதும். எங்களுக்கு இருபத்தொண்ணும் வேணாம், தொண்ணூறும் வேணாம். டீச்சரே ஓட்டிட்டுப் போகட்டும். அப்பாவுக்கு ரெஸ்ட்." மனைவியைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தான். சமாதானச் சிரிப்பு. "சரிதானே சுதா? தினம் பத்து கிலோமீட்டர்."

அவள் கைப்பையின் சிப்பைப் பாதி திறந்தாள். மூடினாள்.

ஸப்ரி ரசீதுப் புத்தகத்தை எடுத்துக் கார்பன் தாளைச் செருகினான். கிருஷ்ணகுமார் முற்பணம் வைத்திருந்த உறையைச் சட்டைப்பையில் இருந்து எடுத்தான். பிளேன்டீ வந்தது. கன்னையா தன்னுடைய கோப்பையைத் தொடவில்லை. சின்னக் காருக்கு முன்னால் குனிந்து, வலையில் சிக்கிய கொழுந்தை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"ஸப்ரி, எழுதாத," என்றார், திரும்பாமலே.

"ஏண்ணே?"

"டேய் கிருஷ்ணா. பாதிக் காசு என்னுது. அதனால ஒரு கேள்வி கேக்குறேன். எங்க ட்ரிப்புன்னு தெரியாம எந்த டிரைவரும் வண்டி எடுக்க மாட்டான். நீ வண்டியப் பாத்த, வெலையப் பாத்த. தூரத்தக் கேட்டியா?"

"தூரத்துல என்ன கேக்க இருக்கு? போக அஞ்சு, வர அஞ்சு."

"எங்கிட்டச் சொல்லாத. ஓட்டப் போறவகிட்டக் கேளு."

சுதர்ஷினிக்குக் காது சூடாகியது. அவர் அந்தக் கொப்பியை ஒரு நிமிடம்தான் பார்த்தார். இந்த மனிதர் இப்போதே அந்த ஊரின் பெயரைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கொழுந்தைப் பிடுங்குவதை நிறுத்தவும் இல்லை.

பதினொரு நாளாக அவள் வாக்கியங்களைத் தயார் செய்து வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமையில் தொடங்கும் வாக்கியம். இராச் சாப்பாட்டில் முடியும் வாக்கியம். நூற்றுத் தொண்ணூறு பிள்ளைகள் என்று நடுவில் வரும் வாக்கியம். இப்போது ஒன்றுகூட முன்னுக்கு வரவில்லை.

"கேக்குறேன்," என்றான் கிருஷ்ணகுமார், விளையாட்டாக. "சொல்லுங்க டீச்சர். எத்தனை கிலோமீட்டர்? பத்துதானே?"

"பத்து இல்லைங்க."

"பின்ன?"

"இருநூத்து அறுபத்தெட்டு."

அவன் சிரித்துவிட்டான். "என்ன, லீட்டருக்கா? அப்பாகூடச் சேந்து நீயுமா?"

"வாரத்துக்கு," என்றாள் சுதர்ஷினி.

சிரிப்பு அவன் முகத்தில் இருந்து உடனே போகவில்லை. முதலில் கண்ணில் இருந்து போனது. பிறகுதான் வாயில் இருந்து. ஸப்ரி பேனாவை மூடிச் சட்டைப்பையில் குத்திக்கொண்டு, உள்ளே யாரையோ கூப்பிடுவதுபோல் எழுந்து போய்விட்டான்.

மேசையில் கிருஷ்ணகுமாரின் போன் அடித்தது. புஷ்பம்தான், கலர் கேட்க. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. அவன் எடுக்கவில்லை.

"எந்த ஊரு?" என்றான்.

கேட்டது அவளிடம். பார்த்தது அப்பாவை.